பழைய பாய்மரப் படகின் காக்பிட்டில் நீர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறிய, பழைய பாய்மரப் படகுகளை வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பின்பகுதியில் அமர்ந்து சுக்கான் பிடிக்கும் காக்பிட்டுக்குள் நீர் புகுவதைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றினாலும், எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னும் நீர் எந்த வழியாக வருகிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். வடிகுழாய் வழியே கீழிருந்து ஏறும் நீர், அலையாக மேலிருந்து விழும் நீர், மழைநீர் ஆகிய மூன்றுக்கும் தீர்வு வேறுவேறு. ஒன்றுக்குச் செய்யும் தீர்வு மற்றொன்றுக்குக் கேடாகவும் முடியக்கூடும்.

கேள்வி: என்னுடையது 1970-களில் கட்டப்பட்ட, ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் படகு. காக்பிட் தரையின் பின்மூலைகளில் இரண்டு வடிதுளைகள் உள்ளன. நான் தனியாகச் செல்லும்போது தரை உலர்ந்திருக்கிறது. மூன்று பேர் பின்னால் அமர்ந்தால் அந்தத் துளைகள் வழியாகவே கடல்நீர் மேலேறிக் கால்களை நனைக்கிறது. ஒருவழி வால்வு பொருத்தினால் போதுமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வடிதுளைகளில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வடிகுழாயின் வெளிமுனை நீருக்கு அடியில் இருக்கும்வரை, குழாய்க்குள் உள்ள நீர் வெளியே இருக்கும் நீர்மட்டத்துக்குச் சமமாகவே நிற்கும். காக்பிட்டின் தரை அந்த மட்டத்துக்கு மேலே இருந்தால் உள்ளே விழும் நீர் தானாக வடியும். தரை அதற்குக் கீழே இறங்கிவிட்டால் வடிய வேண்டிய துளையே நீர் ஏறும் வழியாகிவிடும். மூன்று பேர் பின்னால் அமர்ந்ததும் உங்கள் தரை நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. ஆகவே வால்வைப் பற்றி யோசிப்பதற்கு முன், படகு ஏன் இவ்வளவு தாழ்ந்து மிதக்கிறது என்பதைப் பாருங்கள்.

நீர்க்கோட்டில் ஆறு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஒரு படகு, அணியத்தின், அதாவது முன்முனையின், கூர்மையைக் கழித்துப் பார்த்தால், நீர்மட்டத்தில் ஏறத்தாழ எட்டு சதுர மீட்டர் பரப்பை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் படகு ஒரு சென்டிமீட்டர் தாழ்வதற்கு 80 கிலோ எடை போதும். மூன்று பேரின் 240 கிலோ படகின் நடுவில் இருந்தால் படகு மூன்று சென்டிமீட்டர்தான் தாழும். அதே மூவரும் பின்கோடியில் அமர்ந்தால் அணியம் மேலெழும்பி, பின்பக்கம் அதைவிடக் கணிசமாக அதிகமாகத் தாழும். பின்மூலைகளில் உள்ள வடிதுளைகளில் முதலில் நீர் தெரிவது இதனால்தான்.

இதோடு, பழைய படகு காலப்போக்கில் எடை கூடியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினை எடுத்துவிட்டு அதே திறனுள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை மாட்டியிருப்பார்கள். அது பெரும்பாலும் கனம் கூடியது, தொங்குவதோ பின்பலகையில். பின்லாக்கரில் (பின்பகுதியில் பொருள் வைக்கும் பெட்டியில்) இரண்டாவது பேட்டரி, எரிபொருள் கேன், மாற்று நங்கூரம், சங்கிலி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கும். தளத்தின் உள்ளே இருக்கும் பால்சா மரமோ ப்ளைவுட்டோ நீர் குடித்திருக்கலாம். மிதப்புக்காக அடைக்கப்பட்ட ஃபோமும் ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் இருந்தால் நீரை உறிஞ்சிக் கனத்துப்போகும். படகின் பின்பக்கத்தில் பாசி படிந்த கோடு, கட்டியபோது வரையப்பட்ட நீர்க்கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால், இந்தக் கூடுதல் எடையை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அளந்து பார்ப்பது எளிது. அலையில்லாத நீரில் படகைக் கட்டிவைத்து, யாரும் ஏறாத நிலையில், வடிதுளைக்குள் மெல்லிய குச்சி ஒன்றை நேராக இறக்குங்கள். குச்சியில் தரைமட்டத்துக்குக் கீழே நனையாமல் இருக்கும் நீளமே நீர்மட்டத்துக்கு மேலே உங்கள் தரை இருக்கும் உயரம். பிறகு ஒருவர், இருவர், மூவர் என்று வழக்கமாக அமரும் இடங்களில் அமரச்செய்து ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கடலோட்டப் பந்தயங்களுக்காக, பாய்மர விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்டு செய்லிங் வகுத்துள்ள சிறப்பு விதிகள், காக்பிட் தரை நீர்க்கோட்டின் நீளத்தில் குறைந்தது 2 சதவீத உயரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. ஆறு மீட்டர் நீர்க்கோட்டுக்கு அது 12 சென்டிமீட்டர். உங்கள் படகு அத்தகைய பந்தயத்துக்குப் போகப்போவதில்லை என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அளவு தெரிந்தபின் முதலில் செய்ய வேண்டியது எடையை இடம்மாற்றுவது. பேட்டரியையும் நங்கூரத்தையும் சங்கிலியையும் படகின் நடுப்பகுதிக்கோ அதற்குச் சற்று முன்னாலோ கொண்டுசெல்லுங்கள். பின்லாக்கர் முழுவதையும் காலிசெய்து, உண்மையில் பயன்படுபவற்றை மட்டும் திரும்ப வையுங்கள். சுக்கான் பிடிப்பவரைத் தவிர மற்றவர்கள் கேபின் வாசலை ஒட்டி முன்னால் அமரட்டும். சுக்கான் கைப்பிடிக்கு நீட்டிப்புத் தடி ஒன்றைப் பொருத்தினால் அவரும் முன்னகர்ந்து அமரலாம். பல படகுகளில் இந்த மாற்றங்களே போதுமானவையாக இருக்கும். படகு நிமிர்ந்து மிதப்பதால் ஓட்டமும் மேம்படும்.

ஒருவழி வால்வு பற்றிக் கேட்டீர்கள். பின்பலகையின் வெளியே ரப்பர் மடிப்பு, குழாய்க்குள் பந்து, வாத்தின் அலகுபோல் வாய்மூடும் ரப்பர்க் குழல் எனப் பல வகைகள் உண்டு. பின்னாலிருந்து வரும் அலை ஒரு கணம் குழாய்க்குள் தள்ளும் நீரை அவை நன்றாகத் தடுக்கும். ஆனால் தரை நிரந்தரமாக நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது அவற்றை நம்பக் கூடாது. மணல்துகள் ஒன்றோ, காய்ந்த பாசி இழை ஒன்றோ சிக்கினாலே வால்வு முழுமையாக மூடாது. அது முழுமையாக மூடினாலும், மேலிருந்து விழும் நீர் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும். எடையைச் சரிசெய்தபின், எஞ்சிய சிறு தொல்லைக்கு மட்டும் வால்வைப் பொருத்துங்கள்.

எல்லாம் செய்தும் உயரம் போதவில்லை என்றால், பழைய தரைக்கு மேலே ஃபோம் பலகை வைத்து அதன்மேல் ஃபைபர்கிளாஸ் இட்டுத் தரையையே உயர்த்தலாம். குழியின் கொள்ளளவு குறைவதும் ஒரு நன்மைதான். ஆனால் கால்வைக்கும் ஆழம் குறையும், நிற்பவரின் தலை பாயின் அடியில் கிடையாக நீளும் பாய்த்தண்டுக்கு நெருங்கும், எடையும் கூடும் என்பதால், மற்ற வழிகள் எல்லாம் தீர்ந்தபின் செய்ய வேண்டிய வேலை இது.

கேள்வி: இடது வடிதுளையின் ஹோஸை வலப்பக்க வெளித்துளைக்கும், வலது துளையின் ஹோஸை இடப்பக்கத்துக்கும் குறுக்காக மாற்றிப் பொருத்த வேண்டும் என்கிறார்கள். என் படகில் அவை நேராகவே உள்ளன. மாற்ற வேண்டுமா?

பதில்: எல்லாப் படகுக்கும் மாற்ற வேண்டியதில்லை. காற்றில் படகு சாயும்போது காக்பிட்டுக்குள் இருக்கும் நீர் சாய்ந்த பக்கத்து மூலைக்கு ஓடிவரும். அந்த மூலையின் ஹோஸ் அதே பக்கத்தில் வெளியேறினால், அதன் வெளித்துளை அப்போது நீருக்குள் ஆழ்ந்திருக்கும். அந்த மூலையே நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் நீர் உள்ளே ஏறும். ஹோஸ் குறுக்காகச் சென்று உயர்ந்த பக்கத்தில் வெளியேறினால், சாய்வில் அந்தத் துளை நீருக்கு மேலே எழும்பிவிடும், கடல்நீர் ஏற வழியிருக்காது. குறுக்கு இணைப்பின் பயன் இது மட்டுமே.

சாய்ந்த நிலையிலும் இரண்டு வெளித்துளைகளும் நீருக்கு அடியிலேயே இருக்கும் படகில், குறுக்காக மாற்றி எந்தப் பலனும் கிடைக்காது. நேராகப் போனாலும் வளைந்து போனாலும் குழாயின் இருமுனையிலும் நீர் ஒரே மட்டத்தைத்தான் நாடும். வெளித்துளைகள் படகின் நடுக்கோட்டை ஒட்டி இருந்தால் சாய்வால் அவற்றின் ஆழம் அதிகம் மாறாது, ஆகவே நேராகவே விட்டுவிடலாம். மேலும் குறுக்கு ஹோஸ் நீளமானது. நடுவில் தொய்ந்தால் அங்கே சேறும் இலைத்தூளும் தங்கும். அதிகச் சாய்வில் அது மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் சாய்ந்த மூலையில் கொஞ்சம் நீர் தேங்கியே நிற்கும். உங்கள் வெளித்துளைகள் பக்கவாட்டில், நீர்க்கோட்டை ஒட்டி இருந்து, பாய் விரித்துச் சாயும்போது மட்டும் நீர் ஏறுகிறது என்றால் மாற்றுங்கள். நின்ற நிலையிலேயே ஏறுகிறது என்றால் முதல் கேள்விக்கான பதிலே உங்களுக்கும்.

கேள்வி: வடிதுளைகளைப் பெரிதாக்குவது அவசியமா? இப்போது இருப்பவை 25 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை.

பதில்: 25 மில்லிமீட்டர் இரண்டு என்பது மேற்சொன்ன சிறப்பு விதிகள் 8.5 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு ஏற்கும் குறைந்தபட்ச அளவுதான். ஆனால் விதி பேசுவது, சல்லடை மூடியின் அடைப்பைக் கழித்தபின் எஞ்சும் தடையற்ற திறப்பை. ஹோஸ் 25 மில்லிமீட்டராக இருந்தாலும், அது மாட்டியிருக்கும் பொருத்தியின் உள்விட்டம் 20 மில்லிமீட்டராக இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 64 சதவீதப் பரப்பு மட்டுமே. அதற்குமேல் சிறுதுளைகள் கொண்ட அழகான சல்லடை மூடி ஒன்று இருந்தால் அதிலும் பாதி போய்விடும். நீங்கள் அளக்க வேண்டியது வழியில் உள்ள மிகக் குறுகிய இடத்தை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால்வைக்கும் குழி 1.5 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம், 0.4 மீட்டர் ஆழம் என்றால் அது நிறைந்தால் 360 லிட்டர். ஏறத்தாழ ஐந்து பெரியவர்கள் திடீரென்று பின்பக்கத்தில் ஏறியதற்குச் சமமான எடை. தரை நீர்மட்டத்துக்கு 12 சென்டிமீட்டர் மேலே இருப்பதாக வைத்துக்கொண்டால், தடையற்ற 25 மில்லிமீட்டர்த் துளைகள் இரண்டும் சேர்ந்து இதை வடிக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். 38 மில்லிமீட்டர்த் துளைகளுக்கு இரண்டு நிமிடம் போதும். விட்டம் ஒன்றரை மடங்கு கூடினால் பரப்பு 2.3 மடங்கு கூடுகிறது. ஹோஸின் உராய்வையும், நிறைந்த காக்பிட்டின் எடையால் படகு தாழ்ந்து வடியும் வேகம் குறைவதையும் சேர்த்தால் உண்மையில் ஆகும் நேரம் இன்னும் அதிகம். அந்த நேரத்துக்குள் அடுத்த அலை வருமா என்பதுதான் உங்களுக்கான கேள்வி. அமைதியான ஏரியில் மட்டும் ஓட்டுபவர், சல்லடையை மாற்றிப் பொருத்தியைச் சரிசெய்தால் போதும். திறந்த நீரில், பின்னாலிருந்து அலை வரும் நிலைகளில் ஓட்டுபவர் 38 மில்லிமீட்டருக்கு மாறுவது நல்லது. பின்பலகை காக்பிட்டுக்கு நேர் பின்னால் இருந்தால், தரைமட்டத்தில் நேரடியாக அதில் அகலமான திறப்பு வெட்டி வெளிமடிப்பு வைப்பது அதைவிடவும் நல்லது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. காக்பிட் நிறைவது ஆபத்தின் தொடக்கம் மட்டுமே; அந்த நீர் கேபினுக்குள் இறங்கும்போதுதான் படகு மூழ்கும் நிலைக்குப் போகிறது. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் என்னும் பாய்மரப் படகுப் பந்தயத்தைத் தாக்கிய புயலில் பதினைந்து பந்தய மாலுமிகள் உயிரிழந்தனர். அதன்பின் நடந்த விசாரணை எடுத்துக்காட்டிய குறைகளில் ஒன்று, படகு கவிழ்ந்தபோது கேபின் வாசலின் தடுப்புப் பலகைகள் தம் காடியிலிருந்து கழன்று விழுந்தது. உங்கள் படகில் அந்தப் பலகைகள் வெறுமனே மேலிருந்து செருகப்பட்டு நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் கயிற்றால் படகோடு கட்டுங்கள். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ் ஒன்று பொருத்துங்கள். அலை எழும்போது மிகக் கீழே உள்ள பலகையை எப்போதும் செருகியே வையுங்கள். வடிதுளையைப் பெரிதாக்குவதைவிட இதற்கு ஆகும் உழைப்பு மிகக் குறைவு.

கேள்வி: என் காக்பிட்டில் நீர் தேங்குவதில்லை, நன்றாக வடிகிறது. ஆனாலும் மழைக்குப் பின்னரும், அலை தெறித்த பயணங்களுக்குப் பின்னரும் பின்லாக்கரிலும் படகின் அடிப்பகுதியிலும் வாளிக்கணக்கில் நீர் இருக்கிறது. பல இடங்களில் சிலிகான் பூசியும் நிற்கவில்லை.

பதில்: இன்று வந்த கேள்விகளில் இதுவே மிக முக்கியமானது என்று கருதுகிறேன், பழைய படகுகளைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத கசிவுதான். பூச்சை நிறுத்திவிட்டு, முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள்.

ஒரு காற்றில்லாத நாளில் லாக்கர்கள் எல்லாவற்றையும் காலிசெய்து உள்ளே துடைத்து உலர்த்துங்கள். வடிதுளைகளைத் தற்காலிகமாக அடைத்து, காக்பிட் தரையில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நன்னீர் விட்டு, மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். ஒருவர் கீழே டார்ச் விளக்கோடு இருக்க வேண்டும். இந்தக் கட்டத்திலேயே ஒழுகினால் தரையின் விளிம்போ, தரையில் திருகப்பட்ட பொருளோ, வடிதுளையின் விளிம்பு வளையமோ காரணம். ஒழுகாவிட்டால் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். குழியின் பக்கச்சுவரில் உள்ள எஞ்சின் கருவிப் பலகை, பம்ப் கைப்பிடித் துளை, கம்பிகள் நுழையும் துளை ஆகியவை ஒவ்வொன்றாக நீர்மட்டத்துக்குள் வரும்போது எது ஒழுகுகிறது என்பது தெளிவாகத் தெரியும். உணவுக்கான நிறத்தூளை நீரில் கலந்துகொண்டால் கீழே தெரியும் ஈரம் புதியதா பழையதா என்ற ஐயமும் வராது. படகு நீரில் இருக்கும்போது அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். எடை கூடிப் பின்பக்கம் தாழும். கடைசியாகக் குழாய்நீரை, பீய்ச்சாமல், இருக்கைகளின் மேலே மெதுவாக ஓடவிடுங்கள். எப்போதும் கீழிருந்து மேலாகச் சோதிக்க வேண்டும். மேலே தொடங்கினால் வழிந்து வரும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துக் குழப்பிவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி இருக்கை லாக்கர்களின் மூடிதான். மூடியைச் சுற்றியுள்ள காடி, விளிம்பில் புகும் நீரைத் தாங்கிக் காக்பிட்டுக்குள் வடிப்பதற்காக அமைக்கப்பட்டது. அந்தக் காடியின் வடிதுளை மிகச் சிறியது. பழைய பெயின்ட்டும் தூசியும் அதை அடைத்துவிட்டால் காடி நிரம்பி உள்பக்கமாக வழியும். முதலில் அதைச் சுத்தம்செய்து, முடிந்தால் பெரிதாக்குங்கள். பிறகு ரப்பர் பட்டை: பழையது தட்டையாகிப்போயிருந்தால் உரித்துவிட்டு, நீர் உறிஞ்சாத மூடிய நுண்ணறைகள் கொண்ட நியோப்ரீன் அல்லது ஈ.பி.டி.எம். பட்டையை ஒட்டுங்கள். சாதாரண பஞ்சுப் பட்டை நீரை உள்ளே இழுக்கும். பட்டையின்மேல் சாக்பீஸ் தூள் தடவி மூடியைச் சாத்தித் திறந்தால், மூடியில் தூள் படியாத இடம் பட்டை தொடாத இடம். மூடியின் எடை மட்டும் பட்டையை அழுத்தப் போதாது. இழுத்து இறுக்கும் கொண்டி ஒன்று வேண்டும். படகு கவிழ்ந்தால் மூடி திறந்துகொள்ளாமல் இருக்கவும் அதே கொண்டிதான் உதவும். ஆனால் பெட்ரோல் கேன் வைக்கும் லாக்கரின் காற்றுவழிகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வெளியேற வழியில்லாவிட்டால் அது படகின் அடியில் இறங்கித் தங்கி, ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

அடுத்து, திருகாணித் துளைகள். கப்பி, கொக்கி, சுக்கான் கருவி என ஒவ்வொன்றும் தளத்தைத் துளைத்துப் பொருத்தப்பட்டவை. தளத்தின் நடுவே பால்சாவோ ப்ளைவுட்டோ இருந்தால், கசியும் ஒரு திருகாணி அதைச் சுற்றியுள்ள மரத்தை மெல்ல அழுகவைக்கும். நடக்கும்போது தரை அமிழ்ந்து எழுவதும், பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிப்பதும் அதற்கான அடையாளங்கள். மேலே பூசிய சிலிகான் நிற்காததற்குக் காரணம், அது விளிம்பைத்தான் மூடுகிறது, துளையை மூடுவதில்லை. தவிர, அதன் எச்சத்தின்மேல் வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது. பொருளைக் கழற்றி, துளையைப் பெரிதாகக் குடைந்து, ஈரத்தை முழுவதும் உலரவிட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் மறுபடி துளையிடுங்கள். இனித் திருகாணி தொடுவது எபாக்சியை மட்டுமே, மரத்தை அல்ல. பொருளைத் திரும்பப் பொருத்தும்போது ப்யூட்டைல் டேப் என்னும் ஒட்டுப்பட்டையோ பாலிசல்ஃபைடு என்னும் அடைப்புப் பூச்சோ வையுங்கள். இரண்டையும் பின்னாளில் கழற்ற முடியும். வேலை மெதுவானது, ஒரு பருவத்தில் நான்கைந்து பொருள்களை முடித்தாலே போதும்.

கேள்வி: படகை நீரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போது வடிகுழாய்களில் கையால் திறந்து மூடும் வால்வுகளை மூடிவைக்கலாமா?

பதில்: மழை விழக்கூடிய திறந்த காக்பிட் என்றால் மூடக் கூடாது. மூன்று சதுர மீட்டர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 300 லிட்டர் சேரும். வழி மூடியிருந்தால் பின்பக்கம் தாழ்ந்து, நீர் லாக்கர் மூடிகளைக் கடந்து உள்ளே போகும். ஆனால் வால்வைத் திறந்துவிட்டுப் போவதானால், அதற்கு மேலே உள்ள ஹோஸின் மீதுதான் படகின் உயிர் இருக்கிறது. நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 38 மில்லிமீட்டர் ஹோஸ் ஒன்று கழன்றால் நிமிடத்துக்கு 140 லிட்டர் அளவுக்கு நீர் புகும்.

ஆகவே ஹோஸை அழுத்திப் பாருங்கள்: கல்லாக இறுகியோ, வளைவில் வெடித்தோ, விரலுக்கு அமுங்கித் தட்டையாகியோ இருந்தால் இழைவலு சேர்த்த கடல்தர ஹோஸாக மாற்றுங்கள். பொருத்தியின் கழுத்து நீளம் இடம் கொடுத்தால் ஒவ்வொரு முனையிலும் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகள் இரண்டு போடுங்கள். பித்தளை கேட் வால்வு இருந்தால் கத்தியால் சற்றுச் சுரண்டிப் பாருங்கள்; இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் அதிலிருந்த துத்தநாகம் கடல்நீரில் கரைந்து போய்விட்டது, உலோகம் நொறுங்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள். வெண்கலத்தாலோ, கண்ணாடி இழை சேர்த்த கடல்தர பிளாஸ்டிக்காலோ ஆன பந்து வால்வு அதற்குப் பதிலாக வர வேண்டும். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும், அந்தத் துளைக்குப் பொருந்தும் கூம்பு வடிவ மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டி வையுங்கள்.

பாய்த்தண்டின்மேல் கூரைபோல் போர்த்தி இருபுறமும் இழுத்துக் கட்டும் உறை ஒன்று இருந்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி குறையும். உறை தொய்ந்தால் அதன் குழியில் மழை தேங்கிக் கிழித்துவிடும் என்பதால் சரிவு தாராளமாக இருக்கட்டும்; இரு முனைகளிலும் காற்றோட வழிவிடுங்கள். உறை போட்டிருந்தாலும் வால்வு திறந்தே இருக்க வேண்டும். பலத்த காற்று முதலில் பறித்துச் செல்வது உறையைத்தான்.

கேள்வி: என் படகு தானாக வடியும் வகையல்ல, ஐந்து மீட்டருக்கும் குறைவான, திறந்த மரப்படகு. அடியில் ஒரு செல்ஃப்-பெய்லர் உண்டு. அது நீரை வெளியேற்றுவதைவிட உள்ளே விடுவதே அதிகம்.

பதில்: டென்மார்க்கின் பாய்மரப் படகு வீரர் பால் எல்வ்ஸ்ட்ரோமின் பெயரோடு இணைத்து அறியப்படும் இந்தக் கருவி, படகு வேகமாகச் செல்லும்போது அடியில் உண்டாகும் உறிஞ்சலால் இயங்குகிறது. வேகம் குறைந்தால் உறிஞ்சலும் இல்லை. அப்போது அது படகின் அடியில் உள்ள ஒரு திறந்த துளை மட்டுமே. எனவே வேகம் எடுத்தபின் திறந்து, திரும்பும் முன்னரும் கரையை நெருங்கும் முன்னரும் மூடிவிட வேண்டும். கனமான பழைய மரப்படகு அந்த வேகத்தை எட்டும் பொழுதுகளே குறைவு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். மூடியபோதும் ஒழுகினால், கழற்றி மணலைக் கழுவி, ரப்பர் வளையத்தை மாற்றி, படகின் அடியோடு சேரும் இடத்தில் புதிய அடைப்புப் பூச்சு வைத்துப் பொருத்துங்கள்.

மரப்படகில் இன்னொரு வழியும் உண்டு. பலகைகள் சேர்த்துக் கட்டிய படகு நெடுநாள் கரையில் காய்ந்திருந்தால் இணைப்புகள் விரிந்து, இறக்கிய முதல் நாளில் எல்லா இடத்திலும் ஒழுகும். மரம் நீர் குடித்து ஊதியபின் பெரும்பாலும் அது நின்றுவிடும். அவசரப்பட்டுக் கெட்டியான பூச்சைத் திணித்தால் ஊதும் பலகைகளுக்கு இடமில்லாமல் போய், சட்டங்களே அழுத்தத்தில் பெயரலாம். ஊறிய பின்னும் ஒரே இடத்தில் ஒழுகினால் அந்த இணைப்பை மட்டும் திறந்து, பஞ்சுநூல் திணித்துப் புதிதாகக் கலப்பற்று அடியுங்கள்.

மேலிருந்து வரும் நீருக்கு, அணியத்தின் தளத்தில் வி வடிவில் சற்று உயரமான மரத்தடுப்பு ஒன்றைப் பொருத்தினால் தளத்தில் ஏறும் நீர் காக்பிட்டுக்கு வராமல் இருபுறமும் விலகிப் போகும். பாயை முன்கூட்டியே சுருக்கிச் சாய்வைக் குறைத்தால் பக்கவிளிம்பு வழியாக ஏறும் நீர் நின்றுவிடும். இத்தனைக்குப் பிறகும் திறந்த படகில் நீர் வரத்தான் செய்யும். அதற்கு இரண்டு கைகளாலும் தூக்கக்கூடிய அகலவாய் வாளி ஒன்றும், இருக்கைகளுக்கு அடியில் உறுதியாகக் கட்டிய காற்றுப்பைகளும் வேண்டும். படகு நிறைந்துபோனாலும் அதன் விளிம்பு நீருக்கு மேலே நிற்கும் அளவுக்கு மிதப்பு இருந்தால்தான் வாளியால் இறைத்து மீள முடியும். ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான நீரில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, படகை வேண்டுமென்றே நீரால் நிறைத்து இதைச் சோதித்துப் பாருங்கள். காற்றுப்பைகளின் பட்டைகள் மேல்நோக்கிய இழுப்பைத் தாங்குகின்றனவா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.